மாதுளங்கனியின் தோலும் முத்தும்



"என் மகன் எந்த நேரமும் நாவலும் கையுமாக இருக்கிறான். வேதாகமத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் முகம் கோணுகிறது. நாவல் வாசிப்பது பாவமா, சுவாமி?" மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் கோவில் வாசலில் நின்று இப்படிக் கேட்கும் பெற்றோர் உண்டு. "கம்பனையும் சேக்ஸ்பியரையும் படிக்காதவன் மனித உள்ளத்தை எப்படி அறிவான்?" என்று கேட்கும் ஆசிரியர்களும் உண்டு. இரு சாராரும் நேர்மையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாத கேள்வி இது.

பழைய ஏற்பாட்டை நமக்குக் கையளித்த யூத மக்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக இதே கேள்வியோடு போராடி வருகின்றனர். நம் ஆண்டவரும் அவருடைய தாயாரும் அப்போஸ்தலர்களும் அந்த மக்களிடையே பிறந்தவர்கள். யூதரும் கிறிஸ்தவரும் வேதாகம ஆய்வினாலும் சகோதர உரையாடலினாலும் ஒருவரையொருவர் அறிந்து மதிக்க வேண்டும் என 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விரும்பிற்று. அந்த விருப்பத்திற்கு இணங்க, சமயம் சாராத பேரிலக்கியங்களை வாசிப்பதுபற்றி யூத சமய ஆசிரியர்கள் என்ன கூறினர் என்பதை இந்த வாரம் ஆராய்வோம்.

புறநூல்கள் எவை?

யூத ராபிகளின் வாய்மொழி மரபு கி.பி. 200 அளவில் 'மிஷ்னா' என்ற பெயரில் தொகுக்கப்பட்டது. அதன்மேல் எழுந்த நீண்ட விவாதங்கள் சேர்ந்ததே 'தல்மூத்'. பலஸ்தீனத்தில் உருவானது யெருசலேம் தல்மூத் என்றும், பாபிலோனில் உருவானது பாபிலோன் தல்மூத் என்றும் வழங்கும்.

மறுவுலகில் பங்கு இல்லாதவர்கள் யார் என மிஷ்னா ஓரிடத்தில் வரிசைப்படுத்துகிறது. அங்கே ராபி அக்கிபா தம் கருத்து ஒன்றைச் சேர்க்கிறார்: புறநூல்களை வாசிப்பவனுக்கும் மறுவுலகில் பங்கில்லை. அக்கிபா சாதாரண மனிதர் அல்லர். கி.பி. 135 அளவில் உரோமையரின் கையில் விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர். அத்தகையவரின் வாயிலிருந்து வந்த கடுமையான சொல் இது.

ஆயின் புறநூல் என்பது எது? இங்கேதான் நாம் எதிர்பாராத ஒன்றைக் காண்கிறோம். சீராக்கின் நூல் போன்றவையே புறநூல்கள் என யெருசலேம் தல்மூத் விளக்குகிறது. கிரேக்கப் பெருங்கவி ஹோமரின் நூல்களையோ, அது மென்மையாக நடத்துகிறது. அவற்றை வாசிப்பவன் ஒரு கடிதத்தை வாசிப்பவனைப் போன்றவன். அவை வாசிப்பதற்குத் தரப்பட்டவை, அவற்றிலே உழைத்துக் களைப்பதற்குத் தரப்பட்டவை அல்ல என்கிறது. (அங்கே வரும் எபிரேயச் சொல் ஹோமரையே குறிக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து.)

வாசகர்கள் திகைக்கலாம். சீராக்கின் நூல் நமது கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள ஞான நூல் அன்றோ! தெய்வபக்தியும் பெற்றோர்பக்தியும் கற்பிக்கும் அந்த நூலுக்குத் தடை. தேவர்களும் தேவியரும் சண்டையிடும் ஹோமரின் காவியத்துக்கு இளக்காரமா?

இதற்குப் பலர் கூறும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. ஹோமரை எவரும் இறைவார்த்தை என்று மயங்கமாட்டார். சீராக்கின் நூலோ வேதம்போல ஒலிப்பது. யூதர் தம் திருநூல் தொகுதியில் சேர்க்காத ஒன்று. வேதமல்லாத ஒன்று வேதத்தின் இடத்தில் அமர்ந்துவிடுமோ என்பதே ராபிகளின் அச்சம். ஆகவே அவர்கள் முதலில் பார்த்தது, ஒரு நூலுக்கு நாம் எந்த இடத்தைக் கொடுக்கிறோம் என்பதையே.

ஆயினும் சீராக்கின் நூலை அவர்கள் முற்றாக ஒதுக்கவுமில்லை. அதை வாசிக்கலாகாது என்ற ராபி யோசேப்பே, அதிலுள்ள நல்ல வாக்குகளை எடுத்து விளக்கலாம் என்று கூறியதாகப் பாபிலோன் தல்மூத் குறிக்கிறது. தல்மூதின் பல பக்கங்களில் சீராக்கின் வாக்குகள் மேற்கோளாக வருகின்றன. நீண்டகாலமாக மொழிபெயர்ப்பில் மட்டுமே முழுமையாகக் கிடைத்த இந்நூலின் எபிரேய மூலத்தின் ஓர் ஏட்டை 1896-ல் கேம்பிரிட்ஜில் அடையாளங்கண்டவரும் யூத அறிஞரே. அவர் சொலமன் ஷெக்டர். அந்த ஏட்டை அவரிடம் கொண்டுவந்தவர்கள் இரு கிறிஸ்தவ சகோதரிகள்.

பகலுமல்லாத, இரவுமல்லாத வேளை

ராபி இஸ்மாயேலிடம் அவருடைய சகோதரியின் மகன் பென் தாமா ஒருநாள் வந்தான். தோறா என்னும் மோயீசனின் சட்டம் முழுவதையும் கற்றுவிட்ட தன்னைப் போன்ற ஒருவன் இனிக் கிரேக்க ஞானத்தைக் கற்கலாமா என்று மாமனிடம் கேட்டான். மாமன் யோசுவா ஆகமத்தின் முதல் அதிகாரத்தை நினைவூட்டினார். இந்தச் சட்டநூலை இரவும் பகலும் தியானிக்க வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. எனவே பகலுமல்லாத இரவுமல்லாத ஒரு வேளையைத் தேடிப் பிடித்து, அந்த வேளையில் கிரேக்க ஞானத்தைக் கற்றுக்கொள் என்றார் மாமன்.

இஸ்மாயேல் கிரேக்க நூல்களைக் கெட்டவை என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் பேசியது நேரத்தைப் பற்றியே. மனிதனின் நாட்கள் எண்ணப்பட்டவை. ஒரு நூலுக்குக் கொடுக்கும் மணித்தியாலம் இன்னொன்றிலிருந்து எடுக்கப்பட்டது.

ஆனால் தல்மூத் அத்துடன் நிறுத்தவில்லை. யோசுவாவுக்குச் சொல்லப்பட்டது கடமையுமல்ல, கட்டளையுமல்ல. சட்டநூலை அத்துணை நேசித்த யோசுவாவுக்கு இறைவன் அளித்த ஆசீரே அது என்ற மற்றொரு ராபியின் கருத்தையும் அதே பக்கத்தில் எழுதிவைக்கிறது. இரண்டும் அருகருகே நிற்கின்றன. மாறுபட்ட கருத்தை அழித்துவிடாமல் பேணுவது யூத மரபின் சிறப்பு.

மற்றொரு செய்தி. யெருசலேமை முற்றுகையிட்ட உள்நாட்டுப் போர் ஒன்றின் கசப்பான நினைவால், மகனுக்குக் கிரேக்க ஞானம் கற்பிப்பவன் சபிக்கப்பட்டவன் என்ற கடுந்தீர்ப்பு எழுந்தது. ஆயினும் கமாலியேலின் இல்லத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த இல்லத்தில் ஆயிரம் பிள்ளைகளில் ஐந்நூறு பேர் தோறாவையும் ஐந்நூறு பேர் கிரேக்க ஞானத்தையும் கற்றனர் எனத் தல்மூத் கூறுகிறது. ஆட்சியாளரோடு பேச வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இருந்ததே காரணம். புனித சின்னப்பர் யாருடைய பாதத்தில் அமர்ந்து கற்றாரோ அந்தக் கமாலியேலின் வழிவந்த குடும்பமே இது.

மடியிலிருந்து விழுந்த நூல்கள்

எலிசா பென் அபூயா பேரறிஞராய் இருந்து விசுவாசத்தை விட்டு விலகியவர். அவருடைய பெயரைச் சொல்லவும் மனமின்றி, 'வேறொருவன்' என்றே மரபு அவரைக் குறிக்கும். அவர் ஏன் வீழ்ந்தார் என்று தல்மூத் கேட்கிறது. கிரேக்கப் பாடல் அவர் வாயைவிட்டு நீங்கியதில்லை என்பது ஒரு விடை. கல்விக்கூடத்தில் அவர் எழுந்து நின்றபோது தவறான கொள்கையினரின் நூல்கள் பல அவர் மடியிலிருந்து விழுந்தன என்றும் சொல்லப்படுகிறது.

ஆனால் வேறு இடங்களில் வேறு விடைகளும் உண்டு. தந்தை சொற்கேட்டு மரத்தில் ஏறி, சட்டம் கூறியபடியே தாய்ப் பறவையைப் பறக்கவிட்டுக் குஞ்சுகளை எடுத்த ஒரு சிறுவன், இறங்கும்போது விழுந்து இறந்தான். அந்த இரண்டு நற்செயலுக்கும் நீடிய வாழ்வை வாக்களிக்கிறது சட்டம். அதைக் கண்டே எலிசாவின் உள்ளம் உடைந்தது என்பர் சிலர். கொல்லப்பட்ட ஒரு பக்திமானின் நாக்கு தெருப்புழுதியில் கிடந்ததைக் கண்டார் என்பர் வேறு சிலர். பெற்றோரே, ஆசிரியரே, இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஓர் இளைஞனின் விசுவாசம் தளரும்போது அவன் கையிலிருக்கும் புத்தகத்தின்மேல் குற்றஞ்சுமத்துவது எளிது. அவன் கண்ட துன்பம் என்ன, அதற்கு விடைகூற நாம் அருகில் இருந்தோமா என்று கேட்பது கடினம்.

விலகிப்போன அந்த எலிசாவிடமே தொடர்ந்து கற்ற சீடர் ஒருவர் இருந்தார்: ராபி மேயிர். இது தகுமா என்று பலர் கேட்டனர். தல்மூத் தரும் விடை யூதர் நடுவே பழமொழி போலாயிற்று. மேயிர் ஒரு மாதுளங்கனியைக் கண்டெடுத்தார், உள்ளிருந்த முத்துக்களை உண்டார், தோலை எறிந்துவிட்டார். இது முதலில் ஓர் ஆசிரியரைப்பற்றிச் சொல்லப்பட்டது. பிற்காலத்தில் நூல்களுக்கும் பொருத்திக் கூறப்பட்டது. ஆயின் தோலையும் முத்தையும் பிரித்தறியும் கை எல்லாருக்கும் உண்டா? மேயிர் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்தவர் என்பதை மறத்தலாகாது.

தடையும் தளர்வும்

மத்திய காலத்தின் மாபெரும் யூத அறிஞர் மைமோனிதீஸ் 1204-ல் காலமானவர். நம் புனித தோமாஸ் அக்குவினாரே 'ராபி மோயீசன்' என்று மதிப்போடு மேற்கோள் காட்டும் மருத்துவரும் தத்துவஞானியும் இவர்தான். உண்மையை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. இறைவாக்கினர் நீங்கலாக மனித அறிவு எட்டக்கூடிய உச்சியை எட்டியவர் அரிஸ்டோட்டில் என்று எழுதினார். ஆனால் அதே மைமோனிதீஸ், ஞானமும் பயனும் இல்லாத அரச சரித்திரங்களையும் வம்ச வரலாறுகளையும் பாடல் நூல்களையும் வாசிப்பது வெறும் காலவிரயம் என்றார். ஒரு பாடலை அதன் மொழியைக்கொண்டு தீர்ப்பிடாமல் அதன் பொருளைக்கொண்டே தீர்ப்பிட வேண்டும் என்பதும் அவர் போதனை. எபிரேய மொழியில் பாடப்பட்டதனால் மட்டும் ஒரு பாட்டுத் தூய்மையாகிவிடாது.

1565-ல் வெனிசில் அச்சான 'சுல்ஹான் அரூக்' என்னும் சட்டத் தொகுப்பில் யோசேப்பு காரோ இன்னும் கண்டிப்பாகப் பேசுகிறார். காதற் கதைகளையும் போர்க் கதைகளையும் ஓய்வுநாளில் மட்டுமன்றி மற்ற நாட்களிலும் வாசிக்கலாகாது. முதலாம் சங்கீதம் கூறும் ஏளனக்காரரின் இருக்கையில் அமர்வது அது. காம இச்சையைத் தூண்டும் நூலை எழுதியவரும், பிரதிசெய்தவரும், அச்சிட்டவரும் மக்களைப் பாவத்துக்கு உட்படுத்துகிறார்கள் என்கிறார். அவர் எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லும் நூல் ஒரு புறஇனத்தாருடையதன்று. தாந்தேயின் காலத்தில் வாழ்ந்த உரோமை நகர இம்மானுவேல் என்ற யூதக் கவிஞர் எபிரேயத்தில் எழுதியது! வாசகனின் உள்ளத்தில் ஒரு நூல் என்ன செய்கிறது என்பதே காரோவின் அளவுகோல்.

அதே பக்கத்தில் போலந்து நாட்டுக் கிராக்கோ நகர ராபி மோயீசன் இஸர்லெஸ் ஒரு தளர்வைக் குறித்தார்: போர்க்கதைகள்பற்றிய தடை பிறமொழி நூல்களுக்கே, எபிரேயத்தில் இருப்பின் வாசிக்கலாம் என்பது அவர் கருத்து. அரிஸ்டோட்டிலை மேற்கோள் காட்டியதற்காக மற்றொரு பெரிய ராபி இவரைக் கண்டித்தபோது, தோறாவுக்குரிய நேரத்தில் தாம் அந்நூல்களைத் தொட்டதில்லை என்றும், ஓய்வுநாட்களிலும் திருநாட்களிலும் பிறர் உலாவப்போகும் வேளையில்தான் அவற்றைப் படித்ததாகவும் பதில் எழுதினார். பென் தாமா தேடிய வேளையை இவர் கண்டுபிடித்துவிட்டார் எனலாம்.

ஷில்லர் விழாவும் புக்கன்வால்டும்

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூதருக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் திறந்தபோது கேள்வி புதிய வேகம் பெற்றது. ஜெர்மனியின் பிராங்பேட் நகரில் ராபி சம்சோன் ரபாயேல் ஹிர்ஷ் 1853-ல் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். தோறாவும் உலகக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்டன. ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் நூற்றாண்டு விழா 1859-ல் வந்தபோது, அந்தப் பாடசாலையும் விழா எடுத்தது. சட்டத்தை எழுத்துப் பிசகாது கைக்கொண்ட அந்த ராபியே கவிஞரைப் புகழ்ந்து உரையாற்றினார். மனித மாண்பும் விடுதலையும் பற்றிய கவிஞரின் உயர்ந்த எண்ணங்கள் யூத விசுவாசத்துக்கு அந்நியமல்ல என்பது அவர் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது? கேதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமார் நகருக்கு அருகே, சில கிலோமீற்றர் தூரத்தில், 1937-ல் நாசிகள் புக்கன்வால்ட் வதைமுகாமை அமைத்தனர். இரண்டாம் உலகப் போர் முடியுமுன் ஏறக்குறைய அறுபது இலட்சம் யூதர் ஐரோப்பாவில் கொல்லப்பட்டனர். மாலையில் கேதேயை வாசித்த மனிதன் காலையில் வதைமுகாமுக்கு வேலைக்குப் போக முடிந்ததே என்று யூத அறிஞர் ஜோர்ஜ் ஸ்டைனர் 1967-ல் வெளியான தம் நூலில் வேதனையோடு சுட்டினார். பேரிலக்கியம் தானாகவே மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று இனி எவரும் இலகுவில் சொல்ல முடியாது. உலக இலக்கியத்தை ஒதுக்கி வாழும் கடும் வைதீக யூத சமூகங்கள் இன்றும் பல உள்ளன. அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று.

அகதிச் சிறுவனின் விடை

ஆயினும் அந்தப் பேரழிவுக்குத் தப்பியவர்களுள் ஒருவரே இலக்கியத்துக்காக வலிமையாகப் பேசினார் என்பது நம் சிந்தனைக்குரியது. ஆரோன் லிக்டன்ஸ்டைன் 1933-ல் பாரிஸில் பிறந்தவர். போர்க்காலத்தில் சிறுவனாகக் குடும்பத்தோடு ஐரோப்பாவை விட்டுத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். அங்கே தல்மூதில் தேர்ந்ததோடு, ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1971-ல் இஸ்ராயேலில் குடியேறி, 2015-ல் இறக்கும்வரை தல்மூத் கல்லூரி ஒன்றின் தலைவர்களுள் ஒருவராய் ஆயிரக்கணக்கான மாணவருக்குக் கற்பித்தார். அவருடைய சமயக் கட்டுரைகளில் சேக்ஸ்பியரும் மில்டனும் ராபிகளோடு அருகருகே வருவார்கள்.

அவர் வாதத்தின் சாரம் இது: இறைவனின் சட்டமே முதலிடம் பெறும், அதில் வேரூன்றாதவனுக்கு வேறு நூல்கள் ஆபத்தாகலாம். ஆனால் மனிதன் இறைவனின் சாயல். அவனுடைய மேன்மையையும் கீழ்மையையும், மனச்சாட்சியின் போராட்டத்தையும், பெரும் எழுத்தாளர் ஆழமாகக் காட்டுகின்றனர். அதைக் காண்பது இறைவனின் படைப்பைக் காண்பதாகும். இலக்கியம் விசுவாசத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது. விசுவாசியின் கண்ணைக் கூர்மையாக்க முடியும்.

நமது திருச்சபையில்

இந்தப் போராட்டம் நமக்கும் புதிதன்று. புனித சின்னப்பர் ஆதென்ஸ் நகரில் போதித்தபோது கிரேக்கக் கவிஞர் ஒருவரின் சொல்லைத் தம் பிரசங்கத்தில் எடுத்தாண்டார் (அப்போஸ்தலர் பணி 17:28). புனித எரோணிமுஸோ, தாம் நடுவர்முன் நிறுத்தப்பட்டு, 'நீ கிறிஸ்துவின் சீடனல்ல, சிசெரோவின் சீடன்' என்ற பொருள்பட நிந்திக்கப்பட்டதாகக் கனவு கண்டு நடுங்கினார். புனித பசிலியார் இளைஞருக்குத் தேனீயைக் காட்டினார்: அது எல்லாப் பூவிலும் அமர்வதில்லை, அமர்ந்த பூவிலும் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. மாதுளங்கனிக்கும் தேனீக்கும் எத்துணை உறவு!

1559 முதல் உரோமையில் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் இருந்தது. 1966-ல் அது சட்டவலுவை இழந்தது. பொறுப்பு விசுவாசியின் மனச்சாட்சியிடம் கையளிக்கப்பட்டது. பாப்பரசர் பிரான்சிஸ், இளமையில் இலக்கிய ஆசிரியராய் இருந்தவர், 2024 யூலை 17-ஆம் நாள் எழுதிய மடலில், குருக்களின் உருவாக்கத்துக்கும் எல்லாக் கிறிஸ்தவர்களின் வளர்ச்சிக்கும் இலக்கியம் துணைசெய்யும் என எடுத்துரைத்தார்.

மூன்று கேள்விகள்

கோவில் வாசலில் நின்ற பெற்றோருக்கு நாம் என்ன சொல்வோம்? "நாவல் பாவமா?" என்ற ஒரு கேள்வியை, யூத ஆசிரியர்களின் துணையோடு, மூன்று கேள்விகளாக்கிக்கொள்வோம்.

முதலாவது, இடம். இந்த நூலுக்கு என் வாழ்வில் எந்த இடம்? கடிதம்போல வாசித்து மகிழ்கிறேனா, அல்லது இறைவார்த்தையின் ஆசனத்தில் அதை அமர்த்திவிட்டேனா?

இரண்டாவது, நேரம். இது யாருடைய வேளையை எடுக்கிறது? செபத்துக்கும் குடும்பத்துக்கும் கடமைக்கும் உரியதையா, அல்லது இஸர்லெஸைப்போல உலாவும் வேளையையா?

மூன்றாவது, விளைவு. நூலை மூடியபின் நான் எப்படி எழுகிறேன்? அயலவனின் துன்பத்தை இன்னும் தெளிவாகக் காண்கிறேனா, அல்லது இச்சையும் ஏளனமும் கூடியவனாய் எழுகிறேனா? புக்கன்வால்டின் பாடம் இங்கேதான் நமக்கு எச்சரிக்கையாகிறது. வாசித்தவை அயலவன்மேல் இரக்கமாகக் கனியாவிட்டால், எத்துணை உயர்ந்த நூலும் நமக்குத் தோலாகவே எஞ்சும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளையின் கையிலிருந்து நாவலைப் பறிப்பது ஒரு நிமிட வேலை. அந்த நாவலை நாமும் வாசித்து, "இதில் நீ கண்ட முத்து எது? தோல் எது?" என்று அவனோடு இருந்து பேசுவது பல நாள் வேலை. எலிசாவின் மடியிலிருந்து விழுந்த நூல்களைப் பார்த்தவர் பலர். அவர் உள்ளத்தில் இருந்த கேள்வியை நேரத்தோடு யாராவது கேட்டிருந்தால்?

கலந்துரையாடலுக்கு:

1. கடந்த ஆண்டில் நீங்கள் வாசித்த கதை அல்லது கவிதை நூல் எது? அது உங்கள் செபத்துக்கு உதவிற்றா, தடையாயிற்றா?

2. யோசுவா ஆகமம் 1:8-ஐ வாசியுங்கள். அது கட்டளையா, ஆசீரா? இருவேறு ராபிகளின் கருத்துக்களையும் ஒப்பிடுங்கள்.

3. நமது பங்கு வாசிகசாலையில் பக்தி நூல்களோடு நல்ல இலக்கியங்களும் இருக்க வேண்டுமா? அவற்றைத் தெரிந்தெடுக்க மேற்கூறிய மூன்று கேள்விகளும் எவ்வாறு உதவும்?